வசவுக்கு விலை வந்துவிட்டது... பணம் யார் கைக்குப் போகிறது?

தருமபுரி - அரூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால், இளைஞர்கள் சிலர் வைக்கோலையும் கிழிந்த அட்டைப்பெட்டிகளையும் போட்டுத் தீ மூட்டுகிறார்கள். பறையின் தோல்முகம் தீயைப் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுகிறார்கள். அவ்வப்போது விரலால் ஒரு சுண்டு. தொய்ந்த தோல் 'தொப்'பென்கிறது. மறுபடியும் தீ. சூடு ஏறியதும் அதே தோல் 'கிண்'ணென்று தெறிக்கிறது. இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட். முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் 'பறை'. அதற்குக் கீழே அவர்களை அழைத்து வந்த ஈவென்ட் நிறுவனத்தின் பெயரும் செல்போன் எண்ணும்.

மணமக்கள் காரைவிட்டு இறங்க, அடி விழுகிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட்டத்தில் புகுந்துகொள்கிறார்கள். தலைக்கு மேலே ட்ரோன் சுற்றுகிறது. கூட்டத்தில் பாதிப்பேர் கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

இந்த ஆட்டக்காரர்களில் மூத்தவருக்கு அடுத்த நாள் காலையில் வேறொரு ஊரில் வேலை இருக்கும். அங்கே ஒரு சாவு. அதே பறை, அதே கை. அங்கே டி-ஷர்ட் கிடையாது. பேரன் வயதுப் பையன் 'ஏய், வாடா' என்று கூப்பிடுவான். சாதிப் பெயரையே ஆளின் பெயராக வைத்துக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. திண்ணையில் ஏறாமல், தெருவிலேயே நின்று அடித்து, பிணம் சுடுகாடு போய்ச் சேர்ந்ததும் கொடுப்பதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

ஒரே மனிதரை மண்டபம் கலைஞர் என்கிறது, தெரு வசவால் அழைக்கிறது. அந்த வசவில் ஒட்டியிருக்கும் 'பறை' என்ற பெயருக்கு மண்டபத்தில் நல்ல விலை. அந்த விலை யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விசாரிக்கிறது.

பெருமையின் சந்தை

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பறைக்கு வந்திருக்கும் மவுசு சாதாரணமானதல்ல. சாவு வீட்டோடும் கோயில் கொடையோடும் கட்டிப்போடப்பட்டிருந்த கருவி இன்று கல்லூரி விழாவில், அரசியல் மாநாட்டில், ஐ.டி. நிறுவனத்தின் பொங்கல் கொண்டாட்டத்தில் ஒலிக்கிறது. சென்னையிலும் கோவையிலும் வார இறுதிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் குழந்தைகளுக்குப் பறை கற்றுத் தருகின்றன. 2018 ஜனவரியில் இயக்குநர் பா.இரஞ்சித்தின் முயற்சியில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் பறையையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்து அம்பேத்கரைப் பாடியது. 2025-ல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதெல்லாம் சும்மா வந்ததில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்ற அமைப்புகள் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து, 'இது எங்கள் கலை' என்று ஊர் ஊராகச் சொல்லிய உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. கருவியோடு சேர்ந்து சாதிப் பெயரும் நிமிர்ந்தது. எந்தச் சொல்லைக் கேட்டால் அப்பா தலைகுனிந்தாரோ, அதே சொல்லை மகன் பைக்கில் ஸ்டிக்கராக ஒட்டுகிறான், யூடியூப் பாட்டில் உரக்கப் பாடுகிறான். அந்தப் பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவமானத்தைத் திருப்பி எறிய அவன் கையில் அகப்பட்ட முதல் ஆயுதம் அது.

ஆனால் ஸ்டிக்கர் அச்சடிப்பவர், டி-ஷர்ட் விற்பவர், பாட்டை வெளியிடும் நிறுவனம், ஈவென்ட் ஏஜென்ட் என்று அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வியாபாரமும் வளர்ந்துவிட்டது. அவர்களில் எத்தனை பேரை யாராவது அந்தச் சொல்லால் திட்டியிருப்பார்கள்?

■ பெட்டிச் செய்தி: பறை

* ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் பறையைச் சேர்த்திருக்கிறது.
* மரபான பறைக்கு மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் இணைத்து வட்டச் சட்டம் செய்வார்கள். அதன்மேல் மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள்.
* இப்போது இரும்பு வளையமும் ஃபைபர் தோலும் பரவலாகிவிட்டன. அவற்றுக்குத் தீயில் காய்ச்சும் வேலை இல்லை. தோல் பதப்படுத்தித் தந்தவருக்கும் வேலை இல்லை.

ஒரே குடும்பத்தில் இரண்டு பதில்

இழிசொல்லைத் தலைப்பாக்கி விற்கலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 130 ஆண்டுகளுக்கு முன்பே, விற்பனைக்கு வந்த ஒரு பத்திரிகையின் முகப்பிலேயே அது எழுந்தது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஓர் இதழ் தொடங்கி அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். மறைந்து வாழ்வதால் உரிமை கிடைக்காது, யாரென்று சொல்லிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பது அவர் நிலை.

அவருடைய தங்கையை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். அவருக்கு அந்தப் பெயரே ஆகாது. அது எதிரிகள் சுமத்தியது, நம்முடையதல்ல என்று வாதிட்டார். பூர்வ பௌத்தர்கள் என்றும் சாதிபேதமற்ற திராவிடர்கள் என்றும் தம் மக்களை அழைத்தார். 1907-ல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'.

இருவருமே தம் மக்களுக்காக எழுதினார்கள். இரண்டு இதழ்களுமே காசு கொடுத்து வாங்கப்பட்டவை. சீனிவாசனின் இதழ் சுமார் ஏழு ஆண்டுகள் நடந்தது. அதன் வரவும் செலவும் வழக்கும் வசையும் எல்லாம் அந்தச் சொல்லால் அடிபட்ட ஒருவரின் தலையில்தான் விழுந்தன. பெயரை விற்றவரும் பெயரால் அடிபட்டவரும் ஒரே ஆள். அதனால் அன்று அந்த வியாபாரத்தில் ஒழுக்கக் கேடு என்று சொல்ல எதுவும் இல்லை. கொள்கைச் சண்டை மட்டும் இருந்தது.

அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. 1922-ல் சென்னை மாகாண அரசு பழைய பெயர்களை விலக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணையிட்டது. 2025 ஏப்ரலில், தலித் குடியிருப்புகளைக் குறிக்கப் புழங்கும் 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2012-ல் எரிக்கப்பட்ட நத்தம் காலனியைத் தெரிந்த தருமபுரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் புரியும். அயோத்திதாசர் பக்கம் நிற்பவர்கள், அந்தப் பெயரே வேண்டாம் என்பவர்கள், இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பெருமைப் பாட்டு விற்கிறவர் அவர்களுடைய பெயரையும் சேர்த்துத்தான் விற்கிறார்.

தாராவியிலிருந்து மயாமிக்கு

வடக்கே 'சமார்' என்பது அப்படியொரு வசவு. ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கில் அந்தச் சொல்லால் அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்று 2008-ல், ஸ்வரண் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சொல்லைத்தான் மும்பைக் கலைஞர் சுதீர் ராஜ்பர் தன் கைப்பை நிறுவனத்துக்குப் பெயராக வைத்தார்.

2015-ல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை இறுகியபோது தாராவியின் தோல் தொழிலாளர்கள் பலர் பிழைப்பை இழந்தார்கள். அவர்களுடைய கைத்திறனை வைத்து, தோலுக்குப் பதில் மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்யத் தொடங்கினார் ராஜ்பர். தைத்தவர்களின் சாதிப் பெயரே பிராண்டானது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமியில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சியில், அந்த நிறுவனத்தின் நாற்காலியில் பாடகி ரிஹானா உட்கார்ந்திருக்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. கைவினைஞர்களுக்காக அறக்கட்டளை ஒன்றையும் ராஜ்பர் வைத்திருக்கிறார்.

இந்த முயற்சியை நான் மதிக்கிறேன். தாராவியின் சந்தில் குனிந்து தைத்தவரின் பெயர் மயாமி வரை போயிருக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. ராஜ்பர் தானும் சாதி இழிவைச் சந்தித்த பிற்படுத்தப்பட்ட சமூகத்தவர்தான், ஆனால் சமார் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்ல. அப்படியானால் அந்தப் பெயர் யாருடைய சொத்து? தைக்கிறவர் கூலி வாங்கும் ஆளா, பங்குதாரரா? நல்ல மனம் கொண்ட நிறுவனர் இருக்கும்வரை இந்தக் கேள்விகள் உறங்கும். நாளை வேறொருவர் அந்த பிராண்டை விலைக்கு வாங்கினால் பெயரும் அவரோடு போய்விடும்.

பஞ்சாபில் இதற்கு வேறொரு முகம் உண்டு. ஜலந்தரைச் சேர்ந்த கின்னி மாஹி 2016-ல் 'டேஞ்சர் சமார்' என்று பாடினார். அங்கே பெயரும் அவருடையது, குரலும் அவருடையது.

ஒரு தீர்ப்பு, இரண்டு பயனாளிகள்

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஆசிய வம்சாவளி இசைக்கலைஞர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். கண் அமைப்பைக் கேலிசெய்யும் வசவையே எடுத்து 'தி ஸ்லாண்ட்ஸ்' என்று பெயரிட்டார்கள். இழிவான பெயர் என்று சொல்லி வணிகச் சின்னப் பதிவு மறுக்கப்பட்டது. குழுவின் சைமன் டேம் வழக்காடினார். 2017 ஜூன் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இழிவுபடுத்தும் பெயர்களைப் பதிவுசெய்யக் கூடாது என்ற விதியே பேச்சுரிமைக்கு எதிரானது என்றது.

அந்தத் தீர்ப்பின் இரண்டாவது பயனாளி யார் தெரியுமா? வாஷிங்டனின் 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற அமெரிக்கக் கால்பந்து அணி. பூர்வகுடி அமெரிக்கர்களை இழிக்கும் அந்தப் பெயரை வைத்துப் பல ஆண்டுகளாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த அணியின் முதலாளிக்கும் பூர்வகுடிகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவருடைய சின்னப் பதிவும் அந்தத் தீர்ப்பால் தப்பியது. 2020-ல் விளம்பரதாரர்கள் நெருக்கிய பிறகுதான் பெயரைக் கைவிட்டார்கள்.

அடிபட்டவன் தன் பெயரைத் தானே மீட்டுக்கொள்ளத் திறந்த கதவு வழியாக அடித்தவனும் உள்ளே வந்தான். வசவைச் சொல்வது யார் என்று சட்டம் பார்க்கலாம். ஆனால் வசவை விற்பது யார் என்று சந்தை பார்ப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'பரையா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் அதை உலகம் முழுக்கத் தலையங்கங்களிலும் படத் தலைப்புகளிலும் தாராளமாகப் புழங்குகிறார்கள். அந்தப் பெயரோடு தருமபுரியில் உயிரோடு மனிதர்கள் வாழ்கிறார்கள் என்ற நினைப்பே அவர்களில் பலருக்கு இருப்பதில்லை.

■ பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

* பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989), பிரிவு 3(1)(எஸ்): பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருவர், பொதுமக்கள் பார்வைக்குப் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் குற்றம்.
* வணிகச் சின்னங்கள் சட்டம் (1999), பிரிவு 9: மத உணர்வைப் புண்படுத்தும் சின்னத்தையும் ஆபாசமான சின்னத்தையும் பதிவுசெய்ய முடியாது. சாதி இழிவு என்று தனியாக எதுவும் அதில் சொல்லப்படவில்லை.
* பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட பிரிவு 38ஏ: பாடகர், இசைக்கலைஞர் போன்ற நிகழ்த்துநரின் நிகழ்த்துதல் வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு.

'எஞ்சாமி' காட்டிய கணக்கு

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை மறந்திருக்க மாட்டோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அதை எழுதிப் பாடியவர் அரக்கோணம் அறிவு. நிலமற்றவர்களின் பாட்டு கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. அதே ஆண்டு ஒரு பிரபல இசை இதழின் அட்டையில் அதை உடன் பாடிய பாடகி தீயின் படம் வந்தது, அறிவின் படம் இல்லை. இரஞ்சித் உள்ளிட்டவர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அது இழிசொல்லை விற்ற பாட்டு இல்லை. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் வலி உலகச் சந்தைக்குப் போகும்போது என்ன நடக்கும் என்பதற்கு நம் கண் முன்னால் இருக்கும் சாட்சி அது. நாடறிந்த கலைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், அரூர்ப் பக்கம் வாய்ப் பேச்சில் அட்வான்ஸ் வாங்கும் பறை செட்டுக்கு என்ன பிடிமானம் இருக்கிறது?

தருமபுரியில் விழும் அடி

2012 நவம்பர் 7 மாலையை இந்த மாவட்டம் மறக்கவில்லை. சாதி கடந்த ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளுக்குள் கும்பல் புகுந்தது. 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பீரோவை உடைத்து நகையை எடுத்த பிறகு தீ வைத்தார்கள். பெங்களூரிலும் ஓசூரிலும் கட்டட வேலை, கம்பெனி வேலை பார்த்து அந்த மக்கள் சேர்த்த பொருள்தான் கும்பலின் கண்ணை உறுத்தியது என்று அப்போதே பலரும் எழுதினார்கள்.

இந்த மண்ணில் அந்தச் சாதிப் பெயரை நெஞ்சில் அச்சடித்துக்கொண்டு நடப்பதற்கும் சென்னையில் ஓர் இசை விழாவுக்கு அதே டி-ஷர்ட்டைப் போட்டுப் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். விழாவுக்குப் போனவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிடலாம். ஊரில் இருப்பவனுக்குக் கழற்ற வழியில்லை. பஸ் ஸ்டாண்டில் ஸ்டிக்கரைப் பார்த்து ஒருவன் வம்பிழுத்தால், அன்று ராத்திரி முழுத் தெருவும் விழித்திருக்க வேண்டும். லாபம் ஓர் ஊரில், ஆபத்து இன்னோர் ஊரில். இந்த வியாபாரத்தின் முதல் அநியாயம் இதுதான்.

இரண்டாவது, கண்ணுக்கு எளிதில் தெரியாதது. கடந்த நூற்றாண்டு முழுக்கத் தலித் இயக்கங்கள் 'சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்' என்று போராடின. பறையைப் போட்டு உடைத்தார்கள், எரித்தார்கள். கூலியும் ஊர்ச் சுவந்திரமும் போனாலும் பரவாயில்லை என்று குச்சியைக் கீழே வைத்த பெரியவர்கள் எத்தனையோ பேர். இன்று ஊர்க்காரர்களிடம் ஒரு புது வாதம் முளைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு அடிக்கிறீர்கள், கட்சி மேடையில் அடிக்கிறீர்கள், இது கலை என்று நீங்களே சொல்கிறீர்கள், எங்கள் வீட்டுச் சாவுக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்கிறார்கள். பெருமையின் பெயரால் வளர்ந்த சந்தை, மறுக்கும் உரிமையை அரித்துக்கொண்டிருக்கிறது. ஏஜென்ட்டுக்கு இதில் நட்டமில்லை. அவர் சாவு வீட்டு வாசலில் நிற்கப்போவதில்லை.

மூன்றாவது, முகம். மண்டபத்தில் எடுத்த வீடியோ இரண்டே நாளில் இன்ஸ்டாகிராமில் லட்சம் பேர் கண்ணில் படுகிறது. அதில் ஆடுகிற பையன் வார நாட்களில் ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்பவனாக இருக்கலாம். சாதி கேட்காத வீட்டுக்காரரைத் தேடி அலைந்து வாடகைக்கு அறை பிடித்தவனாக இருக்கலாம். யாரைக் கேட்டு அவன் முகத்தையும் முதுகில் இருக்கும் அந்த எழுத்தையும் விளம்பரமாக்கினார்கள்?

யார் விற்கலாம்?

பறையை யாரும் கற்கலாம், யாரும் அடிக்கலாம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதைத் தோளில் மாட்டும்போதுதான் அதன்மேல் ஒட்டிய தீட்டு கழியும். ஆனால் கருவி வேறு, சாதிப் பெயர் வேறு. அந்தப் பெயரை விற்க, அதனால் அடிபடாதவருக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன். சட்டம் அனுமதித்தாலும் இல்லை.

அடிபட்டவருக்கு உண்டா? உண்டு. ஏழைக்கு மட்டும் 'உன் வலியைக் காசாக்காதே' என்று புத்தி சொல்வது கொடுமை. காலம் முழுக்க அந்தச் சொல்லால் அவனுடைய கூலியைக் குறைத்தார்கள். இன்று அதே சொல் கூலியை ஏற்றினால் அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அவனும் அந்தப் பெயருக்குத் தனி முதலாளி இல்லை. அது பலரும் சேர்ந்து பட்ட காயம். அந்தப் பெயரை வைத்துக் கம்பெனி நடத்துகிறவர் யாராக இருந்தாலும், அதே பெயரால் இன்றும் வதைபடுகிறவர்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்.

கணக்கு என்றால் நன்கொடை என்று பொருளில்லை. ஆட்டக்காரர்களின் பெயர் விளம்பரத்தில் வர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஏஜென்ட் பார்ட்டியிடம் எவ்வளவு வாங்கினார் என்பது செட்டுக்குத் தெரிய வேண்டும். முகம் வீடியோவில் வரலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். ஸ்டுடியோவில் ஒரு நாள் சம்பளத்துக்கு அடித்த அடி பல ஆண்டுகள் பணம் கொழிக்கும்போது, 38ஏ தரும் ராயல்டியைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. அடையாள அட்டையும் உதவித்தொகையும் கொடுப்பதோடு நிற்காமல், மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அச்சடித்து மாவட்டந்தோறும் கொடுக்க அந்த வாரியத்தால் முடியும். 'சாதி வழக்கப்படியான சாவு வேலைக்கு அழைக்க மாட்டோம்' என்ற வரி அதில் இருக்கட்டும்.

இன்னும் ஒரு கூட்டம் மிச்சமிருக்கிறது. பறையைத் தொடாதவர்கள். தன் பையன் அந்தக் குச்சியைப் பிடிக்கவே கூடாது என்று சொல்லி, செங்கல் சூளையில் வேலை செய்து அவனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த தாய்மார்கள். அவர்களுக்கு டி-ஷர்ட் வியாபாரத்தில் பங்கு இல்லை, மேடையில் கைதட்டல் இல்லை. ஆனால் அவர்களுடைய பையன் இன்டர்வியூவுக்குப் போகும்போது ஊர்ப் பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் அவனுக்கும் வரும். சாதிப் பெயரால் சம்பாதிக்கும் நிறுவனங்கள் முதலில் ஒரு பொது நிதி தொடங்கட்டும். அதிலிருந்து போகும் முதல் கல்லூரிக் கட்டணம் இந்தப் பையன்களுடையதாக இருக்கட்டும். அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார்கள் என்பதற்காக அவர்களைத் தள்ளிவைக்க வேண்டாம்.